மை வச்ச கண்ணு

பாவம்னு மட்டும் சொல்லாதீகக்கா. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, பதில் சொல்றேன். மதுரையில பஸ் ஏறுனதுல இருந்து எத்தன பேரு ஐயோ பாவம், பச்சப்பிள்ளைன்னு உச்சுக் கொட்டிட்டாக தெரியுமா. மடியில பிள்ளை தூங்குதுன்னு நெனைக்காதீக. இவ தூங்குனாலும் இவ காது தூங்காது. வாரவுக போறவுக எல்லாம் பாவம் பாவம்னு ஓதிக்கிட்டே இருந்தா, நம்மகிட்ட என்னமோ கொறைச்சல் போலன்னு பிள்ளை நம்பிப்போகும்ல.

ஆமா, கண்ணுலதான் கட்டு. இல்லல்ல, விழுந்து அடிபடல. குச்சியும் குத்தல. கட்டுக்குள்ள கண்ணே இல்லக்கா. எடுத்தாச்சு. டாக்டர்தான் எடுத்தாரு, ஆனா எடுங்கன்னு சொன்னது நான்தான். ஏன் அப்பிடி வெலகி உக்காருறீக? நல்லா சாஞ்சு உக்காருங்க. குமுளி வரைக்கும் வாரீகல்ல? அங்க எறங்கி சக்குபள்ளமா? ஏலக்காட்டு வேலையா? அப்பச் சரி, பேசிக்கிடலாம். காட்டுல குனிஞ்சு நிமிர்றவ பாடு இன்னொருத்திக்குத்தான் புரியும். நான் ஏலப்பாறைப் பக்கம், தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்குற வேல. பேரு மதலேனம்மாள். எங்க லயத்து வரிசை வீட்டுல மதலேன் வீடு எதுன்னு கேட்டா முன்ன எல்லாம் கைய நீட்டிக் காட்டுவாக. இப்பக் கைய நீட்டி வைவாக, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

ஏய்யா, முன் சீட்டு. உம்மத்தான்யா. தேனியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் வாரேன், திரும்பித் திரும்பிப் பாக்குறீரே, கழுத்து வலிக்கல? கண்ணுல கட்டுப் போட்ட பிள்ளைய இதுக்கு முன்ன பாத்ததில்லையோ? பாத்தாச்சுல்ல, இனி ரோட்டப் பாரும்.

பாருங்கக்கா, காது எப்பிடிச் செவந்துபோச்சு அந்தாளுக்கு. சிரிக்காதீக, பிள்ளை முழிச்சுக்கிடுவா.

எப்பிடி ஆரம்பிச்சுதுன்னா, ஒரு போட்டோவுல ஆரம்பிச்சுது. கிறிஸ்மஸுக்கு எங்க கோயிலுக்குக் குமுளியில இருந்து ஒரு ஸ்டூடியோக்காரரு வருவாரு. பூசை முடிஞ்சதும் கோயில் செவத்துல ஒரு பெட்சீட்டக் கட்டி, குடும்பம் குடும்பமா நிக்க வச்சு, பளீர்னு லைட்டு அடிச்சு எடுப்பாரு. நாங்களும் நின்னோம். இவ அப்பா இவள மடியில வச்சுக்கிட்டு நாற்காலியில. பேரு சொல்லப்படாதும்பாக, சொன்னா என்ன வானமா இடிஞ்சு விழப்போகுது, யாக்கோபு. நான் பக்கத்துல நிக்கேன். படம் கழுவி வந்துச்சு. எனக்கு ரெண்டு கண்ணும் கறுப்பு, அவுகளுக்கும் கறுப்பு. இவளுக்கு ஒரு கண்ணு கறுப்பு. இன்னொண்ணு வெள்ள. பாவைக்குள்ள பாலு ஊத்துன மாதிரி வெள்ளவெளேர்னு இருக்கு.

அவுக ஸ்டூடியோக்காரரப் பிடிச்சுச் சத்தம் போட்டாக. வருசத்துக்கு ஒரு படம் எடுக்குறோம், அதையும் கெடுத்துட்டீரேன்னு. அந்த மனுசனுக்கும் ஒண்ணும் புரியல. பிலிம்ல ஏதோ தூசி விழுந்துருக்கும்னாரு. சின்ன பிரஸ்ஸ எடுத்தாரு, மையில முக்குனாரு, அந்த வெள்ளையில ஒரு பொட்டு. கண்ணு கறுப்பாயிருச்சு. எல்லாருக்கும் திருப்தி. கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டியாச்சு.

எனக்கு மட்டும் திருப்தி இல்ல. ஏன்னா அந்த வெள்ளைய நான் ஏற்கெனவே பாத்துருக்கேன். சாயங்காலம் சிம்னி விளக்கப் பொருத்தும்போது இவ திரும்புனா, பூனைக் கண்ணு மாதிரி ஒரு வெளிச்சம் அடிச்சுட்டுப் போகும். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. கண்ணு லேசா ஒதுங்கவும் செஞ்சுது. மாறுகண்ணு, அதிர்ஷ்டம்னு சொன்னாக. நானும் சரின்னுதான் இருந்தேன். ஆனா பளீர்னு அடிச்ச லைட்டுல அதே கண்ணு, அதே வெள்ள. படத்துல மை வச்சா ஆச்சா? உள்ள இருக்குறதுக்கு எவன் மை வைப்பான்?

மறுநா காலைல இவள வாசப்படியில உக்கார வச்சேன். கையில ஒரு பிஸ்கோத்து. ஒரு கண்ண என் உள்ளங்கையால மூடுனேன். ஒண்ணுஞ் சொல்லல, எட்டிப் பிஸ்கோத்த வாங்கித் தின்னுட்டா. அடுத்தாப்புல இன்னொரு கண்ண மூடுனேன். அம்புட்டுத்தான், கத்துனா பாருங்க. என் கையப் பிறாண்டுறா, தட்டி விடுறா, பிஸ்கோத்து மூக்குக்கு நேரா இருக்கு, இவ காத்துல துழாவுறா. கைய எடுத்தேன். சிரிச்சா. நான் வெளையாட்டுக் காட்டுறேன்னு நெனைச்சுட்டா.

மூத்த மச்சான் வீட்டுலதான் மொதல்ல சொன்னேன். சூசையப்பன்னு பேரு, இவ அப்பாவோட அண்ணன். கெட்டவரு இல்லக்கா, பொய் சொல்லக் கூடாது. எங்க கோயிலுக்குக் கல்லு சுமந்து கட்டுனவரு. செபம் சொல்றவரு. லயத்துல ஒரு சண்டைன்னாலும் ஒரு சாவுன்னாலும் அவுக வந்து நின்னாத்தான் அடங்கும். ஆனா அவுக ஒண்ணு சொல்லிட்டா அதுக்குமேல எவனும் வாயத் தொறக்கக் கூடாது. நந்தியாவட்டப் பூவப் பிழிஞ்சு விடு, குளிர்ச்சி, சரியாப்போகும்னாக. அவுக சம்சாரம் வந்து பிழிஞ்சாக. கண்ணு செவந்து வீங்குனதுதான் மிச்சம். அதோட நான் யாருகிட்டயும் கேக்கல, தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன்.

அந்த டாக்டர் நல்ல மனுசன். மலையாளத்துக்காரரு, சின்ன வயசு. டார்ச்ச அடிச்சுப் பாத்தாரு. இதப் பாக்க என் படிப்புப் பத்தாதும்மா, கண்ணு டாக்டர்தான் பாக்கணும், குமுளி ஸ்கூல்ல மதுரைக்காரங்க முகாம் போடுறாங்க, கண்டிப்பாக் கொண்டு போ, விட்டுறாதன்னாரு. பூவு கீவு பிழிஞ்சா கையை ஒடிச்சுருவேன்னும் சொன்னாரு. சொல்லட்டும், சரிதானே.

முகாமுல எல்லாம் புரை விழுந்த கெழவன் கெழவிக. வரிசையா பெஞ்சுல உக்காந்து, ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சுக்கிட்டு. நடுவுல நான் இவளத் தூக்கிக்கிட்டு. அங்க ஒரு பெரிய டாக்டரு, கண்ணாடி போட்டவரு, பேச்சு நம்ம தெக்கத்திப் பேச்சு. சொட்டு மருந்து ஊத்தி, கொஞ்ச நேரம் கழிச்சு லைட்ட வச்சுப் பாத்தாரு. எழுந்திருச்சு ஜன்னல் கிட்டப் போனாரு. திரும்பி வந்து இன்னொரு தடவ பாத்தாரு. டீ கொண்டாந்து வச்சாக, குடிக்கல.

அம்மா, இது புரை இல்லன்னாரு. கண்ணுக்குள்ள ஒரு கட்டி வளருது. இந்தக் கண்ணுல பார்வை போயே போச்சு, அத நெனைச்சு அழுது பிரயோசனம் இல்ல. ஆனா அந்தக் கட்டி கண்ணோட நிக்காது, வேரு விடுற மாதிரி பின்னால நரம்புல எறங்கி மூளைக்குப் போயிரும். அதுக்கு முன்ன கண்ணோட சேத்து எடுத்துட்டா பிள்ளை பொழச்சுக்கிடும். இன்னொரு கண்ணயும் காப்பாத்தலாம். தள்ளிப் போட்டா பிள்ளை இருக்காதுன்னாரு. நேரடியாவே சொல்லிட்டாரு. வேற வழி இல்லையா ஸார்னு கேட்டேன். இல்லன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டேன். பொறுமையா மறுபடியும் இல்லன்னாரு. மதுரைக்கு வெரசாக் கொண்டு வந்துருன்னாரு.

நீங்க இப்பக் கன்னத்துல கை வச்சீக பாருங்க, எங்க லயம் மொத்தமும் அப்பிடித்தான் வச்சுது. ஞாயித்துக்கெழமை செபம் முடிஞ்சு கோயில் வாசல்ல கூட்டம். நான் டாக்டரு சொன்னத ஒண்ணுவிடாமச் சொன்னேன். மூத்த மச்சான் தலைய ஆட்டிக் கேட்டாக. கேட்டுட்டு, கடவுள் குடுத்த கண்ண மனுசன் தோண்டி எடுக்குறதான்னாக. தவக்காலம் வருது, எல்லாருமா மாதா கோயிலுக்கு நடந்து போவோம், நேந்துக்கிடுவோம், அதுவரைக்கும் கத்தி கித்தின்னு பேச்சே வரக் கூடாதுன்னாக. இன்னொருத்தன், கத்தி பட்டாத்தான் கட்டி பரவும்னான். ஒரு பொம்பள, பொட்டப்பிள்ளை, நாளைக்கு எவன் கட்டுவான்னு அழுதா. இவளுக்கென்ன, இவளுக்கா வலிக்கப் போகுதுன்னு ஒருத்தி பின்னால இருந்து முணுமுணுத்தா. அது எனக்கு நல்லாக் காதுல விழுந்துச்சு.

நான் சும்மா நிக்கலக்கா. நானும் முழங்கால் போடுறவதான். நீங்க நடங்க, நானும் நடந்து வாரேன், ஆனா டாக்டருகிட்டப் போகாதன்னு எந்த மாதா சொன்னா? மாதாவும் ஒரு பிள்ளைய வளத்தவதானேன்னு கேட்டேன். எவன் கட்டுவான்னு கேக்குறீகளே, கட்டுற வயசு வரைக்கும் பிள்ளை இருக்க வேண்டாமா? ரெண்டு கண்ணோட சவப்பெட்டியில படுக்க வச்சா உங்களுக்கெல்லாம் பாக்க லச்சணமா இருக்குமான்னு கேட்டுட்டேன். பெரிய வார்த்தைதான். கோயில் வாசல்ல சொல்லியிருக்கக் கூடாது. ஆனா சொன்னேன். இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

இவ அப்பாவா? தலையக் குனிஞ்சுக்கிட்டு கால் பெருவெரலால மண்ணுல கோடு போட்டுக்கிட்டு இருந்தாக. அண்ணன் முன்னால அவுக என்னைக்கு நிமிந்துருக்காக. வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டுக் கேட்டேன். ஊரு கெடக்கட்டும், நீங்க சொல்லுங்க, உங்க பிள்ளைன்னு. ஆம்பள, தேயிலைச் செடி வெட்டுற கவாத்துக் கத்தி பிடிச்சுக் காய்ச்சுப்போன கை, அத மூஞ்சில வச்சுக்கிட்டு அழுறாக. அழுதுக்கிட்டே ஒண்ணு சொன்னாக. சும்மா விட்டு இவ செத்தா, ஆண்டவரு எடுத்துக்கிட்டாருன்னு மனசத் தேத்திக்கிடுவேன் மதலேன். கத்தியில செத்தா, குடுத்தது நானில்லன்னு எப்பிடிச் சொல்லுவேன்னாக.

அதக் கேட்டதும் எனக்குக் கோவம் வரலக்கா, அதான் ஆச்சரியம். பயம்தானே அது. பாசம் இருக்குறவனுக்குத்தான் அந்தப் பயம் வரும். சரி, அப்பக் குடுத்தது நானா இருந்துட்டுப் போறேன்னு சொன்னேன். அவுக போகாதன்னும் சொல்லல, போன்னும் சொல்லல.

கொஞ்சம் இருங்க, ஆரஞ்சு வேண்டாம்க்கா, மலையேறும்போது இவளுக்குக் குமட்டும். லோயர் கேம்ப் வந்துருச்சு பாருங்க. இனி வளைவுதான். எலுமிச்சம்பழம் முடிஞ்சு வச்சுருக்கேன், மோந்துக்கிட்டே வந்தா ஒண்ணுஞ் செய்யாது.

ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போகச் சொன்னா பக்கத்து வீட்டுக்காரி. நல்லதுக்குத்தான் சொன்னா. நான் எதுக்கு ஓடணும்? திருடியா நானு? திங்கக்கெழமை காலைல பெரட்டுக்களத்துல எல்லாரும் நிக்காக, பேரு கூப்பிடுற நேரம். முதுகுல கூடையும் இடுப்புல படங்குச் சாக்குமா அம்புட்டுப் பேரு. நான் ஞாயித்துக்கெழமைச் சேலையக் கட்டி, இவளுக்குக் கிறிஸ்மஸ் கவுன மாட்டி, தலையப் படிய வாரி, களத்துக்கு நடுவுலதான் நடந்தேன். ஓரமாப் போற பாதையும் இருக்கு. நான் நடுவுலதான் போனேன்.

மூத்த மச்சான் கூட்டத்துல இருந்து வந்து வழிய மறிச்சு நின்னாக. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு. என் பொணத்து மேலதான் போகணும்னாக. சூப்பர்வைசர் சேட்டன் கூட வாயில வச்ச விசில ஊதாம நிக்காரு. நான் கிட்டப் போனேன். இந்தாங்க மச்சான்னு இவள அவுக கையில குடுத்தேன். திகைச்சுட்டாக. பிள்ளைய நீட்டுனா வாங்காம இருக்க முடியுமா, வாங்கிட்டாக. வெயில் அப்பத்தான் மலைக்கு மேல ஏறுது. அந்த வெளிச்சத்துல பிடிங்க மச்சான், இவ கண்ண நேராப் பாருங்க, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. பாத்துட்டுப் போகாதன்னு சொல்லுங்க, நான் இப்பிடியே கூடைய எடுத்துட்டு மலைக்குப் போறேன்னேன்.

இவளுக்கு என்ன தெரியும். பெரியப்பான்னு தாடியப் பிடிச்சு இழுக்குறா. அவுக இவள உசத்திப் பிடிச்சாக. வெளிச்சத்துக்குத் திருப்புனாக. பாக்கத்தான் போனாக. முடியலக்கா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. பிள்ளைய என் கையிலேயே குடுத்துட்டு, அந்தப் பக்கம் போயி நின்னுட்டாக. வழி விட்டேன்னு சொல்லல. ஆனா வழி இருந்துச்சு. நான் நடந்தேன்.

இவ அப்பாவா? அவுக கவாத்துக் கத்தியோட கடைசி வரிசையில. பிள்ளை அப்பான்னு கூப்புட்டா. கைய ஆட்டப் போனாக, பாதி தூக்குன கை அப்பிடியே நின்னுபோச்சு. அதுக்கு மேல நான் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா எனக்கும் கால் நின்னுருக்கும்.

ஆஸ்பத்திரி பத்திச் சொல்றதுக்கு என்ன இருக்கு. பெரிய ஊரு, பெரிய கட்டடம். உள்ள கொண்டு போகும்போது இவ என் முந்தானைய விடல, நர்ஸம்மா வெரல் வெரலாப் பிரிச்சாக. அந்தக் கதவு சாத்துன பெறகு நான் எங்க உக்காந்தேன், என்ன செஞ்சேன், ஒண்ணும் நெனைவில்ல. செபம் கூடச் சொல்ல வரல. அருள் நெறைஞ்சன்னு ஆரம்பிச்சா, இவளுக்கா வலிக்கப் போகுதுன்னு அந்தப் பொம்பள சொன்னதுதான் காதுல ஓடுது. செத்துக் கித்துப் போயிட்டா நான் எந்த மூஞ்சியோட மலையேறுறதுன்னு நெனைச்சேன். அப்பறம், ஏறாட்டா என்ன, இவ இல்லாத மலையில எனக்கு என்ன வேலன்னும் நெனைச்சேன்.

முழிச்சதும் மொதல்ல என்ன கேட்டா தெரியுமா? பன்னு. பசிக்குது, பன்னு வேணும்னா. நர்ஸம்மா சிரிச்சுட்டாக. சாயங்காலம் மடியில படுத்துக்கிட்டு, அம்மா பல்லின்னு கைய நீட்டுறா. நான் தேடுறேன் தேடுறேன், எனக்குத் தெரியல. அம்புட்டு ஒசரத்துல, விட்டத்துக்கு ஓரத்துல ஒரு பல்லிக் குஞ்சு. ஒத்தக் கண்ணால எனக்கு முந்திப் பாத்தது இவதான். அப்பத்தான்க்கா எனக்கு அழுகையே வந்துச்சு.

ஆமா, சோதிச்சுப் பாத்துச் சொன்னாரு டாக்டரு. கட்டி கண்ணத் தாண்டல, வேரு பின்னால எறங்கல, நல்ல நேரத்துல வந்துட்டன்னாரு. இன்னொரு கண்ணு சுத்தமா இருக்கு. ஆனா அதையும் அப்பப்பக் கொண்டு வந்து காட்டணும், வளர்ற வரைக்கும். புண்ணு ஆறுனதும் செயற்கைக் கண்ணு ஒண்ணு வைப்பாங்களாம், சட்டுன்னு பாத்தா வித்தியாசம் தெரியாதாம். தெரிஞ்சாத்தான் என்ன.

இனிமே இவளுக்கு இருக்குறது ஒரு கண்ணு. அதுல ஒரு துரும்பு விழ விட மாட்டேன். எங்க தோட்டத்துல பிள்ளைகள விட்டுட்டுப் போற கொட்டகைக்கு ஒட்டியே கவாத்து வெட்டுன தேயிலை. வெட்டுன கொப்பு ஒவ்வொண்ணும் ஈட்டி மாதிரி நிக்கும், சரியா பிள்ளைக கண்ணு ஒசரத்துக்கு. அதுக்குள்ளதான் ஓடிப் புடிச்சு வெளையாடுதுக. போனதும் துரை பங்களா வாசல்லயே நிக்கப் போறேன், வேலி போடுங்கன்னு. போடலன்னா நானே மூங்கிலு வெட்டிக் கட்டுவேன், யாரு தடுக்குறான்னு பாக்குறேன். பிள்ளைக ஒண்ணுமேல ஒண்ணு ஈர்க்குச்சி அம்பு விட்டு வெளையாடுறது, வெடிய வெறுங்கையில கொளுத்துறது, கண்ணு செவந்தா பூவப் பிழியறது, தாய்ப்பால பீச்சுறது, எல்லாத்துக்கும் சண்டைக்கு வாரேன். வாயாடின்னு சொல்லட்டும். கண்ணுக்குக் காவல் இருக்குறவளுக்கு வாய் இல்லாம முடியுமா?

உங்க வீட்டுல சின்னது இருக்கா? பேத்தியா? என்ன வயசு? அப்ப இத மட்டும் கேட்டுக்கிடுங்க. விளக்குப் பொருத்தும்போது கண்ணுக்குள்ள வெள்ளையா மின்னுதான்னு பாருங்க. ஒரு கண்ண மூடிப் பாருங்க, அடுத்த கண்ண மூடிப் பாருங்க. என்னது, லேசா மாறுகண்ணு இருக்கா? பயப்படாதீக, மாறுகண்ணு எல்லாம் இந்த நோவு இல்லன்னு டாக்டரே சொன்னாரு. சின்னதுலேயே காட்டுனா கண்ணாடி போட்டே சரியாயிருமாம் சிலதுக்கு. ஆனா அதிர்ஷ்டம்னு சொல்லி விட்டுறாதீக. காட்டிருங்க. மருமகன் ஒத்துக்கிட மாட்டாரா? அவரு ஒத்துக்கிடுறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தா ஆகாதுக்கா, நீங்க தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க.

எலுமிச்சம்பழத்தப் பிடி சகாயம், மோந்துக்கோ. ஆமா, முழிச்சுட்டா. சகாயமேரின்னு பேரு, சகாயம்னு கூப்புடுவோம். இந்தா, குமுளி வந்துருச்சு தங்கம். இன்னும் ஒரு பஸ்ஸுதான்.

பயமா? எனக்கா? என்ன செஞ்சுருவாக. கதவச் சாத்துவாகளா? தோட்டத்துல எனக்கும் பேரு பதிஞ்சுருக்கு, அந்த வீடு எனக்கும் குடுத்த வீடு. பேச மாட்டாகளா? பேசாட்டிப் போகட்டும், பிள்ளைக்குப் பேச நான் இருக்கேன். கோயில்ல ஒதுங்கி நிக்கச் சொன்னா முன் வரிசையில போயி நிப்பேன். இவ அப்பா ஏலப்பாறை ஸ்டாப்புல வந்து நின்னா நிக்கட்டும், சந்தோசம். நிக்காட்டியும் வீட்டுக்கு எனக்கு வழி தெரியும்.

என்ன சொன்னீக? பெத்த வயிறுதான் இம்புட்டுத் துணியும்னா? அட, நீங்க வேறக்கா. நான் எங்க இவளப் பெத்தேன்? இவளப் பெத்தவ இவ பொறந்து கண்ணு முழிச்சுப் பாக்குறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா, புண்ணியவதி. நான் ரெண்டாந்தாரம். நான் கழுத்த நீட்டும்போது இவ தவந்துக்கிட்டுக் கெடந்தா. சித்திக்காரி மூத்தாளோட பிள்ளை கண்ணத் தோண்டக் கொண்டு போறான்னுதான் மல முழுக்கப் பேச்சு. ஆஸ்பத்திரியில மட்டும் ஒரு பொய் சொன்னேன். பேப்பர நீட்டி, பெத்த தாயான்னு கேட்டாக. ஆமான்னு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். எந்தச் சாமி கணக்குக் கேக்குதோ கேக்கட்டும், சொல்லிக்கிடுறேன்.

பாத்து எறங்குங்கக்கா, படி ஒசரம். பேத்தி கண்ண மறந்துறாதீக. என்னடி தேடுற? எங்கயும் போகலடி, கட்டுப் போட்ட பக்கம்தான் இருக்கேன், இந்தப் பக்கம் திரும்பு. இன்னுங் கொஞ்சம். ஆங், இங்கனதான் நிக்கேன் அம்மா.